எந்த மாநிலம்?

"நீங்க எந்த மாநிலம் பாய்?"

சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில், ஜகாத் (கட்டாய தர்மம்) பற்றிக் குரல் பதிவு அனுப்பிய பாய்க்கு வாட்ஸ்அப்பில் ஹஜ்ரத்திடமிருந்து (மார்க்க அறிஞர்) வந்த முதல் பதில் இதுதான். அப்புறம் தொழில், கடன் எல்லாம் பொறுமையாக விசாரித்தார்.

சரியான கேள்வி. மலேசியாவில் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக வரும், அரசிதழில் வெளியானால்தான் அங்குள்ள முஸ்லிம்களைக் கட்டுப்படுத்தும்.

ஆனால் எங்கோ ஓர் ஆலிம் யாருக்கோ சொன்ன பதிலை ஒரு நிமிட வீடியோவாக வெட்டிக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார்கள், எந்த மார்க்கச் சட்டப் பிரிவு, ஷாஃபியா ஹனஃபியா என்றுகூடப் பார்ப்பதில்லை (நம் ஆட்களில் இரண்டும் உண்டு).

தோட்டத்து சூராவில் (சிறு தொழுகைக் கூடம்) கேட்கத் தயங்கிய பெண்கள் இன்று போனில் துணிந்து கேட்கிறார்கள், அது பெரிய விஷயம்.

ஹஜ்ரத்மார்களே, நேரலை பயான் (மார்க்கச் சொற்பொழிவு) முடிந்ததும் இந்தப் பெண்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.