கில்லீனில் குடித்தனம்

டெக்சாஸ் என்றதும் ஊரில் எல்லோரும் ஹூஸ்டன், டாலஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வந்து இறங்கியது கில்லீன். ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாமின் வாசலில் வளர்ந்த ஊர். அடகுக்கடை, பச்சை குத்தும் கடை, பழைய கார் விற்கிற இடம் என்று வரிசையாக இருக்கும். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் சிப்பாய்களுக்குச் சம்பளம். அன்றைக்கு எல்லாக் கடையிலும் கூட்டம்.

இவர் மேற்படிப்புக்கு வந்தவர். 2009-இல் ‘மாவ்னி’ என்றொரு திட்டத்தை அமெரிக்க ராணுவம் தொடங்கியது. கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவில் இருப்பவர்களும் அப்போது அதில் சேர முடிந்தது, ராணுவம் கேட்ட மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. (ஆப்கானிஸ்தானில் தமிழை வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.) இவர் சேர்ந்தார், சீக்கிரமே குடியுரிமையும் வந்தது. பாளையங்கோட்டையில் கல்யாணம். 2011-இல் விசா கிடைத்து நான் இங்கே வந்து, அடுப்பு பற்ற வைக்கப் பழகுவதற்குள் இவருக்கு ஆப்கானிஸ்தான் போக உத்தரவு.

தனியாக இருந்த அந்தக் காலத்தில் எனக்குக் கைகொடுத்தது கொரியாக்காரர் ஒருவரின் மளிகைக் கடை. கில்லீனில் கொரியர்கள் நிறைய. கொரியாவில் பணியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்களும் அவர்கள் வழியாக வந்த சொந்தங்களும்தான். அந்தக் கடையில் நெத்திலிக் கருவாடு பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கும். கல்லாவில் இருந்த பாட்டியம்மா நான் கருவாட்டை முகர்ந்து பார்த்ததைக் கண்டு சிரித்தார். அப்படித்தான் பழக்கமானது.

இவர் திரும்பி வந்தபோது முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. கண்ணிவெடியில் வண்டி தூக்கிப் போட்டதாம். அதற்குமேல் சொல்ல மாட்டார். வலிக்கு ஹைட்ரோகோடோன் கொடுத்தார்கள், அபின் வகை வலி மாத்திரை. ஆரஞ்சு நிறக் குப்பி, வெள்ளை மூடி, மேலே இவருடைய பெயர் அச்சிட்டிருக்கும். மாசக் கடைசி வரை வர வேண்டியது பத்தாம் தேதியே காலியாகும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கை வைத்தபடியே தலை தொங்கும், ரசம் ஆறிப்போகும். மாத்திரை தீர்ந்துவிட்டால் மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், வெயிலிலும் உடம்பு புல்லரிக்கும். ‘ஃப்ளூ’ என்பார். சேமிப்புக் கணக்கில் பணம் குறைந்துகொண்டே வந்தது.

அத்தையிடம் ஃபோனில் சொன்னேன். “குடிக்கிறானா?” என்றார். “இல்லை அத்தை.” “அப்புறம் என்னம்மா? டாக்டர் குடுத்த மாத்திரைதானே!” என் அம்மாவோ, சண்டைக்குப் போய்ட்டு வந்த மனுசன், பொறுத்துப் போ என்றார். சாராயம் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தால் நம் ஊருக்கு அது புரியும். மருந்துக்கடைப் பையில் வருவதைப் போதை என்று சொன்னால் சொல்கிறவளைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பாட்டியம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் வியட்நாம் போய் வந்தவர், அவருக்கு விஸ்கி. அந்தப் போரில் ஹெராயின் அவ்வளவு பரவி, 1971-இல் ஊர் திரும்பும் சிப்பாய்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையையே கட்டாயமாக்கினார்கள். இவர் காலத்திலும் பரிசோதனை உண்டு. ஆனால் மருந்துச் சீட்டு கையில் இருந்தால் யார் என்ன கேட்பார்கள்? “முதலில் பணத்தை உன் பெயருக்கு மாற்று, அப்புறம் அழலாம்” என்றார் பாட்டியம்மா. மாற்றினேன்.

இன்னொரு பயமும் இருந்தது. புதுக் கல்யாணத்தில் வருகிறவர்களுக்குக் கிரீன் கார்டு 2 வருஷத்துக்குத்தான். நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இவரோடு சண்டை போட்டால் என் தாள் என்ன ஆகும்? முகாமுக்குள் இலவசச் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்டதில்தான் தெரிந்தது: விவாகரத்தே ஆனாலும், கல்யாணம் உண்மையாக நடந்தது என்று காட்டினால் நான் தனியாகவே மனு போடலாம். சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு வருகிற பெண்களுக்கு விமான நிலையத்திலேயே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். அன்று ராத்திரி இவரிடம் நேராகவே பேசினேன். கத்தினார், மறுத்தார், வெளியே போய்க் காரில் படுத்துக்கொண்டார்.

2014 அக்டோபரில் விதி மாறியது. அதுவரை ஒரே சீட்டில் திரும்பத் திரும்ப வாங்க முடிந்த ஹைட்ரோகோடோனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வேண்டும் என்றார்கள். இவர் அப்போது உடல்நிலைக் காரணத்தால் ராணுவத்தை விட்டு வந்திருந்தார். சீட்டுக்கு அலைந்து ஓய்ந்த பிறகு, முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குத் தாமாகவே போனார். என் கண்ணீரால் நடந்தது என்று அத்தை சொல்லிக்கொள்கிறார், சொல்லட்டும்.

அங்கே புப்ரெனார்ஃபின் கொடுத்தார்கள், மாத்திரை ஏக்கத்தை அடக்குகிற மாற்று மருந்து. உடம்பில் பழைய மருந்து இறங்கி நடுக்கம் எடுக்கும்வரை காத்திருந்துதான் முதல் வேளையைக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் அதுவே உபாதையைக் கிளப்பிவிடும். இன்றும் தினமும் காலையில் நாக்குக்கு அடியில் அந்த மெல்லிய பட்டையை வைத்துக்கொள்கிறார். அது கரையும்வரை காபி கிடையாது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டிராயரில் நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே இருக்கிறது, அந்த வகை மருந்து அளவு மீறி மூச்சு அடங்கினால் உயிர் காக்க. “இன்னுமா மருந்து?” என்று அத்தை கேட்கும்போதெல்லாம், உங்கள் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று இவரே கேட்கிறார்.

வங்கிக் கணக்கு இன்னும் என் பெயரில்தான். போன வாரம் பழையபடி சேர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.