கொல்லையில் கோழியும் கத்தரியும்

ஆடியில் நாற்றுவிட்ட கத்தரியில் முதல் காய் பிடித்திருக்கிறது. காலையில் வெகுநேரம் அதன் அருகிலேயே நின்றிருந்தேன்.

இந்த மண்ணைத் தேற்றியவை எங்கள் ஐந்து நாட்டுக்கோழிகள்தான். போன ஆண்டு கூட்டில் அள்ளிய எச்சத்தை அப்படியே மிளகாய்ச் செடிகளின் தூரில் போட்டுவிட்டேன். நான்கே நாளில் இலை ஓரம் கருகி, ஏழு செடிகளும் போய்விட்டன. பச்சை எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா வேரைச் சுட்டுவிடும். "மாட்டுச் சாணத்தையே மக்கவைத்துத்தானே போடுகிறோம், கோழி எருவை இப்படிப் போடலாமா?" என்றார் மாமியார். இப்போது காய்ந்த சருகும் எச்சமுமாக மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் மூன்று மாதம் மக்கவிடுகிறேன். கையில் எடுத்தால் மண்வாசனை வர வேண்டும். நெடி அடித்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள்.

நாற்று நட்ட புதிதில் கோழியை விட்டால் ஒன்றும் மிஞ்சாது. கீரை விதையைக்கூடக் கிளறித் தின்றுவிடும். பழைய மீன்வலையை மூங்கில் குச்சிகளில் கட்டி வேலி போட்டிருக்கிறேன். ஆனால் காய்ப்பு முடிந்த பாத்தியில் விட்டுப் பாருங்கள்! கூட்டுப்புழு, சிறு நத்தை, களைவிதை என்று எல்லாவற்றையும் பொறுக்கி, மண்ணையும் பொலபொலவென்று ஆக்கிவிடுகின்றன. சொத்தைக் கத்தரியை நறுக்கிப் போட்டால் உள்ளிருக்கும் புழுவுக்காகப் பெரும் போட்டியே நடக்கும்.

கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்து இன்றோடு 18 நாள். ஒன்பது முட்டைகள். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்க வேண்டும். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்கும் சொட்டு மருந்துக்குக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.