இருபத்தாறு முறை

ஏப்ரல் 9, 2025, புதன்

அம்மாவின் சேலைகளை வெயில் காட்டுவதற்காக அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கியபோது மட்டை கழன்ற ஒரு கொப்பி அகப்பட்டது. பூசைப் பிரசங்கங்களில் கேட்டவை, வேதாகமத்திலிருந்து எடுத்தெழுதியவை, எங்கள் வளவில் பூத்தவை, காய்த்தவை எல்லாம் ஒரே கையெழுத்தில் வேலியில்லாமல் கலந்து கிடக்கின்றன. ஒரு பக்கத்தில் வேம்பு பூத்துவிட்டது, ஆண்டவருக்கு நன்றி என்பது மட்டுமே இருக்கிறது. அதற்கடுத்த பக்கத்தில் யோனா நூலின் கடைசி வசனம். நினிவேயின் 1,20,000 பேருக்கும் அதிகமான மக்களுக்காக மட்டுமல்லாமல், அங்கிருந்த கால்நடைகளுக்காகவும் கடவுள் இரங்குகின்ற இடம் அது. கால்நடைகள் என்ற சொல்லுக்குக் கீழே அம்மா இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 10, வியாழன்

அம்மாவுக்கு ஐந்து பக்கங்கள் வாசித்துக் காட்டினேன். கேட்கிறார் என்பது கண்ணில் தெரிகிறது.

ஏப்ரல் 12, சனி, பூரணை

கொப்பியின் நடுவில் 136ஆம் திருப்பாடல் முழுவதுமாக இருக்கிறது. இருபத்தாறு வசனங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் “என்றும் உள்ளது அவரது பேரன்பு” என்ற வரி. இருபத்தாறு தடவையும் அம்மா அதைச் சுருக்காமல், மேற்படிக் குறி போடாமல், முழுமையாக எழுதியிருக்கிறார்.

இயற்கையையும் இரக்கத்தையும் இப்படி ஒரே மூச்சில் சொல்லுகின்ற வேறொரு பாடலை நான் அறியேன். வானத்தைப் படைத்ததும் பேரன்பு, தண்ணீரின்மேல் நிலத்தை விரித்ததும் பேரன்பு, பகலுக்குக் கதிரவனும் இரவுக்கு நிலவும் வந்தது பேரன்பு. இன்று மாலை முற்றத்துப் பூவரசின் மேலாக நிலா எழும்பிய நேரத்தில் ஒன்பதாம் வசனத்தை வாசித்தேன். அம்மாவின் கட்டிலிலிருந்து அது தெரியும்படி யன்னலை முழுவதுமாகத் திறந்துவைத்தேன். அதன் பிறகு பத்தாம் வசனத்தைத் தாண்டினேன். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தையும் தாண்டினேன். பத்தாவது எகிப்தின் தலைப்பிள்ளைகளைப் பற்றியது. மற்றவை கடலைப் பற்றியவை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அசிசியின் புனித பிரான்சிஸ் பாடிய படைப்புகளின் புகழ்ப்பாடலைப் பகல் முழுவதும் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பாடியது 1225இல், புனித தமியானோ ஆலயத்தருகே நோயாளியாகக் கிடந்த காலத்தில். கண்பார்வை ஏறக்குறைய அற்றுப்போய், வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் இருந்தவர் முதலில் அழைப்பது சகோதரன் கதிரவனை. எந்த வெளிச்சம் அவரை வதைத்ததோ அதற்கே முதல் வாழ்த்து. பூவையும் குருவியையும் பார்த்து நன்றி சொல்லுவது எனக்கும் எளிது. இதை என்னால் நெருங்க முடியவில்லை.

பிற்பாடு அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் பகை மூண்டபோது, மன்னிப்பவர்களைப் பற்றிய ஒரு பகுதியை அவர் சேர்த்தார். கதிரவன், நிலவு, காற்று, தண்ணீர், தீ, நிலம் என்று வரிசையாக வந்த பாட்டுக்குள் மனிதர் முதன்முதலாக நுழைவது அங்கேதான். மன்னிக்கிறவர்களாகவும் நோயையும் துன்பத்தையும் பொறுத்துக்கொள்ளுகிறவர்களாகவும் நுழைகிறார்கள். ஆக, காற்றும் தண்ணீரும் இருப்பதனாலேயே கடவுளைப் புகழ்கின்றன, நாமோ இரங்குவதனால் புகழ வேண்டியவர்களாக இருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. அம்மாவின் கொப்பியின் வெற்றுப் பக்கத்தில் இதை எழுதலாமா என்று நினைத்து, எழுதாமல் விட்டேன்.

அந்தப் பாட்டில் கடல் இல்லை. சகோதரி தண்ணீர் தாழ்மையும் தூய்மையும் உள்ளவளாக வருகிறாள், கடல் வரவில்லை. மூன்று தடவை தேடிப் பார்த்தேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்று கண்டுபிடித்தது. ஒவ்வொரு “பேரன்பு”க்கும் அம்மாவின் வலக்கைச் சுட்டுவிரல் கட்டில் சட்டத்தில் ஒருமுறை தட்டுகிறது. நான் இருபத்திரண்டோடு முடித்துக் கொப்பியை மூடினேன். விரல் மேலும் நான்கு தடவை தட்டியது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இறை இரக்க நவநாள் இன்று தொடங்குகிறது. பெரிய வெள்ளியில் தொடங்கி, பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிற்றின் முந்திய நாளில் முடிய வேண்டும் என்பது புனித பவுஸ்தீனாவுக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கு. பகல் மூன்று மணிக்கு அம்மாவின் கையில் செபமாலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தேன்.

காசநோயோடு போராடி 1938இல் தமது 33ஆம் வயதில் இறந்துபோன அந்தக் கன்னியரும் ஆறு கொப்பிகளை எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். அவற்றிலுள்ள மூன்று மணிச் செபத்தைச் சிறு வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறேன். ஆனாலும் இன்றுதான் அதைக் கேட்டேன். இயேசு உயிர்விட்ட அந்த வேளையில் உலகம் முழுவதற்கும் இரக்கத்தின் பெருங்கடல் திறந்தது என்கிறது. ஊற்று என்று அதே செபம் சொல்லுவதை நான் ஏற்றுக்கொள்ளுகிறேன். திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒவ்வொரு சூட்டில் சுரப்பதைச் சிறுபிள்ளையாகக் கைவைத்துப் பார்த்து வியந்தவள் நான். ஊற்றை இரக்கம் என்று அழைக்க எனக்குத் தடையில்லை. கடல் என்று ஏன் சொல்ல வேண்டும்? இந்த ஊரில் மூன்று பக்கமும் இருப்பது அதுதான். ஊர் முழுவதும் அதில் உழைத்து உண்கிறது. அந்தச் சுனாமி ஞாயிறும் அதிலிருந்துதான் வந்தது. திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. அண்ணா காலைப் பூசைக்குப் போகாமல் வலை பார்க்கப் போனதற்காக அம்மா ஏசினார்.

செபத்தின் அந்தச் சொல்லை உதட்டுக்குள் விழுங்கினேன்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

அல்லேலூயா. அம்மா அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே தேதியில் தேவாலயங்களில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களை நினைத்துக்கொண்டிருக்கையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்தி வந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்துவிட்டார். அம்மாவிடம் சொல்லலாமா என்று ஒரு மணி நேரம் தயங்கினேன். சொன்னேன். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

2015 தை 14ஆந் தேதி மடுவில் அவரைப் பார்க்க நாங்கள் இருவரும் இரவோடு இரவாகப் பேருந்தில் போனோம். அதே ஆண்டில்தான், அசிசியாரின் பாட்டிலிருந்து தலைப்பை எடுத்து, படைப்பைப் பேணுவது பற்றிய சுற்றுமடலை அவர் எழுதினார். 2016 புரட்டாதி முதலாந் தேதி, நம் பொது இல்லமாகிய பூமியைப் பேணுவதையும் இரக்கச் செயல்களோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பசித்தவருக்கு உணவும் தாகமுற்றவருக்கு நீரும் கொடுப்பதோடு, காட்டுக்கும் தண்ணீருக்கும் இரங்குவதும் ஒன்றாக நிற்கட்டும் என்றார். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து, கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் மான்களின் வாயிலிருந்து பொலித்தீன் பைகளை இழுத்தெடுத்துக்கொண்டு வருவார். வீதியில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் வெட்கப்பட்டிருக்கிறேன். அவர் செய்தது செபம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

சுற்றுலாப் படகில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பையன் பால் கொண்டுவந்தான். “டீச்சர், இன்றைக்கு இரண்டு நீலத் திமிங்கிலம் பார்த்தோம். தாயும் குட்டியும்போல இருந்தது” என்று அம்மாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னான். துறைமுக வாயிலுக்கு அப்பால் கடலடி பெரும் பள்ளத்தாக்காக இறங்குவதால் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன என்றும் சொன்னான். 104ஆம் திருப்பாடலில் கடவுள் அந்தப் பெரிய உயிரைக் கடலில் விளையாடுவதற்காகவே உண்டாக்கினார் என்று வருகிறது. விளையாட. கடலைக் குறித்து அந்தச் சொல்லை நான் இருபது வருடமாக நினைக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நித்திரை இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

நவநாளின் எட்டாம் நாள், உத்தரிக்கும் ஆன்மாக்களுக்கானது. அண்ணாவின் பெயரைச் சொல்லிச் செபித்தேன்.

இரவு கொப்பியைத் திரும்பவும் எடுத்தேன். 136ஆம் திருப்பாடல் உள்ள பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் எழுதிய தேதி இருக்கிறது. விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. 2005 தை 9.

இரண்டு கிழமை. அண்ணாவை அடக்கம் செய்து இரண்டு கிழமைகூட முழுதாக ஆகவில்லை. அகதி முகாமாக இருந்த பாடசாலை வகுப்பறையில், யாரிடமோ வாங்கிய கொப்பியில், தலைப்பிள்ளைகளைச் சாகடித்தவருக்கு நன்றி செலுத்துங்கள் என்று தன் தலைப்பிள்ளையைக் கொடுத்தவர் எழுதியிருக்கிறார். அடுத்ததாக, என்றும் உள்ளது அவரது பேரன்பு. கையெழுத்து அந்த வசனத்தில் நடுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பதினைந்தாம் வசனத்திலும் இல்லை. இருபத்து மூன்றாவதில், தாழ்நிலையில் நம்மை நினைவுகூர்ந்தவருக்கு என்ற இடத்தில், மை பரவியிருக்கிறது.

அம்மா, எப்படி எழுதினீர்கள்? விழித்திருந்தார். என்னைப் பார்த்தார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

ஏப்ரல் 26, சனி

திருத்தந்தையின் அடக்கத் திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோதே மூன்று மணி ஆயிற்று. ஒலியைக் குறைத்துவிட்டு நவநாளின் கடைசிச் செபத்தைச் சொன்னேன். இரக்கத்தின் பெருங்கடல் என்று வாய்விட்டுச் சொன்னேன். குரல் எனதுபோல இருக்கவில்லை.

ஏப்ரல் 27, இறை இரக்க ஞாயிறு

காலைப் பூசைக்குப் பிறகு ஒழுங்கையின் முடிவு வரையில் நடந்தேன். அங்கிருந்து கடல் தெரியும். வாடை அடங்கி நீர் கண்ணாடிபோலக் கிடந்தது. கரைவலைக்காரர் மடியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோபம் போகவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலையில் பத்தாம் வசனத்தை வாசித்தேன். விரல் தட்டியது. பதின்மூன்று, பதினான்கு. பதினைந்தில் குரல் அடைத்துவிட்டது. வசனத்தின் முன்பாதி நின்றுபோயிற்று, பின்பாதியை அம்மாவின் விரல் தட்டியது.

ஏப்ரல் 29, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து அம்மாவுக்குக் காய்ச்சல், மூச்சு இழுக்கிறது. ஓட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். கொப்பியைத் துவாய்க்குள் சுற்றிப் பையில் வைத்தேன்.