ஆறும் இல்ல, பன்னெண்டும் இல்ல

பரண்ல இருந்து அந்தத் தகரப்பெட்டிய எறக்குறப்ப அம்மா கீழ நின்னு கத்துச்சு, "டேய் அது ஒங்க பெரியப்பாவோட தையல் மிசினுடா, அது அங்கிட்டே கெடக்கட்டும்". இருவது வருசமா அத தையல் மிசினுன்னே நெனச்சிருக்கு. தப்பு சொல்ல முடியாது, அம்புட்டு கனம். தொறந்து பாத்தா உள்ள மூணு லென்ஸ மூஞ்சியில வச்சுக்கிட்டு ஒரு 16 எம்எம் ஆரிஃப்ளெக்ஸ், ஜெர்மன்காரன் பண்ணுனது, படம் எடுக்குற சினிமா கேமரா. பெரியப்பா மெட்ராஸ்ல நியூஸ்ரீல், அதான் செய்திப்படம், எடுக்குற ஒரு கேமராமேன்கிட்ட அசிஸ்டண்டா இருந்தவரு, சம்பள பாக்கிக்குப் பதிலா இத குடுத்து ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். அவரு பாம்பனுக்குப் பக்கத்துல இருக்குற எங்க ஊரு மண்டபத்துக்கு வந்து வல யாவாரம் பாக்க ஆரம்பிச்சவரு அதுக்கப்பறம் அந்தப் பெட்டிய தொறக்கவே இல்ல.

எனக்கு ஒரே ஆச. பாம்பன்ல 1914-ல தொறந்த பழைய ரயில் பாலத்த பிரிக்கப் போறாங்கன்னு அப்ப பேச்சு ஓடுச்சு, புதுப் பாலமும் பக்கத்துலயே நிக்கிது, ரெண்டையும் ஒண்ணா நிக்கிறப்பவே ஒரு ரோலு எடுத்துரணும். போன்ல எடுத்தா ஆகாதான்னு கேக்காதீங்க, அத வீட்ல ஏற்கனவே எல்லாரும் கேட்டாச்சு.

கேமரா நல்லா இருக்கு. கையால சுத்துனா பல்லு எல்லாம் வெண்ணெ மாதிரி நகருது, உள்ள இருக்குற கண்ணாடி ஷட்டர் மினுக்கு மினுக்குன்னு சுத்துது. ஒரே பிரச்சன, கூட வந்த பழைய பேட்டரி பச்ச பூத்து உப்பிப் போய் கெடக்கு, கேபிளோட பேட்டரிப் பக்கத்து முனைய எலி தின்னுருச்சு. அந்த மோட்டருக்கு வேண்டியது 8 வோல்ட்டு. கடையில போய் எட்டு வோல்ட்டு பேட்டரி குடுங்கண்ணேன்னு கேட்டுப் பாருங்க, ஒங்களப் பாக்குற பார்வையே வேற. இந்த ஒலகத்துல ஆறு இருக்கு, பன்னெண்டு இருக்கு, எட்டு மட்டும் எங்கயும் இல்ல.

நல்ல வேளையா அப்ப மீன்புடி தடைக்காலம். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு லாஞ்சு, அதான் விசைப்படகு, எல்லாம் கரையில கட்டிக் கெடக்கும், லாஞ்சுக்கு ஒயரிங் பாக்குற மச்சானுக்கு வேலையே இருக்காது. வேல இல்லாத எலக்ட்ரீசியன்கிட்ட ஒரு சந்தேகம் கேக்குறது எம்புட்டு ஆபத்துன்னு எனக்கு அப்ப தெரியல. "மாப்ள, எட்டுதானே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுருவோம்"னான். மூணு வாரம் ஆச்சு.

மொதல்ல அம்மாவோட எமர்ஜென்சி லைட்ட கழட்டுனோம். அதுல 6 வோல்ட்டு, நாலர ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும், எல்லார் வீட்டுலயும் இருக்குற அதே கறுப்புச் செங்கல்லுதான். கேபிள்ல ரெண்டு ஒயரும் அழுக்குல ஒரே கலரா இருந்துச்சு, எது பிளஸ்ஸு எது மைனஸ்ஸுன்னு தெரியல, சரி பிலிம்தான் போடலையேன்னு தொட்டுப் பாத்தோம், கேமரா பின்னாடி பக்கமா சுத்துச்சு. மாத்தித் தொட்டோம், முன்னாடி பக்கமா சுத்துச்சு. மச்சான் அதுக்கே ஒரு டீ கேட்டான். ஆனா முள்ளு ஏறல. கேமராவுலயே வேகம் காட்டுற மீட்டர் ஒண்ணு இருக்கு, செகண்டுக்கு 24 பிரேம் வேணும், அது 17-ல நின்னு மூச்சு வாங்குது. 17-ல எடுத்து 24-ல ஓட்டுனா பாலத்துல போற எல்லாரும் சார்லி சாப்ளின் மாதிரி நடப்பாங்க.

அடுத்து என் பைக் பேட்டரி. 12 வோல்ட்ட அப்பிடியே குடுத்தா மோட்டரு ஒரேடியா சாமி ஆடிரும், அதனால மச்சான் டயோடு போடலாம்னான். இது நெசமாவே நல்ல ஐடியாதான், கிண்டல் இல்ல. ஒரு சிலிக்கான் டயோடுல கரண்டு போனா சுமாரா 0.7 வோல்ட்டு அது சாப்ட்டுரும், ஆற வரிசையா கோத்தா 4.2 போயிரும், மிச்சம் எட்டுக்குப் பக்கத்துல நிக்கும். ஆறு டயோடயும் பூ கட்டுற மாதிரி கோத்தான், மீட்டர்ல 8.3 காட்டுச்சு, கேமரா கரெக்டா 24-ல பாடுச்சு. நானும் அவனும் கை குடுத்துக்கிட்டோம். பிரச்சன என்னன்னா, அந்த சாப்ட்ட வோல்ட்டு எங்கிட்டும் போகாது, சூடாத்தான் வரும். மோட்டரு ரெண்டு ஆம்பியர் கிட்ட இழுக்குது, அப்ப ஒவ்வொரு டயோடும் ஒண்ணேகால் ஒண்ணர வாட்டுக்குக் கொதிக்கும். காத்தாட விட்டுருந்தா தப்பிச்சிருக்கும், மச்சான் பாதுகாப்பா இருக்கட்டும்னு ஆறையும் சேத்து இன்சுலேசன் டேப்பால கொழுக்கட்ட மாதிரி சுத்திட்டான். அஞ்சு நிமிசத்துல ஒரு வாசம். அம்மா அடுப்படியில இருந்து, "எவ வீட்டுலடி கருவாடு கருகுது"ன்னு எட்டிப் பாத்துச்சு.

நடுவுல ஒரு நாள் காயலான் கடையில செல்போன் டவர்ல கழட்டுன 2 வோல்ட்டு செல்லு ஒண்ணு கெடச்சுச்சு. ஆறும் ரெண்டும் எட்டு, கணக்கு சரி. அத தூக்க ரெண்டு ஆளு வேணும், அவ்வளவுதான்.

அப்பறம் சார்ஜ் பண்ணுற பென்சில் செல்லு. ஒண்ணு 1.2 வோல்ட்டு, ஏழு போட்டா 8.4. ஏழு செல்லு போடுற ஹோல்டர் எவனும் செய்யறதில்ல, அதனால எட்டு செல்லு ஹோல்டர வாங்கி எட்டாவது எடத்துல ஒரு லாஞ்சு போல்ட்ட சொருகுனோம். ஓடுச்சு. ரெண்டு நாளு ஓடுச்சு. எங்க ஊரு உப்புக்காத்து பத்தி வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, ஜன்னல் கம்பியவே சுண்ணாம்பா உதிர வைக்கும், அந்த ஹோல்டர் ஸ்பிரிங்கு எம்மாத்திரம். மூணாவது நாளு ஸ்பிரிங்கு எல்லாம் செவந்து, செல்லுல இருக்குற வோல்ட்டுல பாதி அந்தத் துருவுலயே நின்னுருச்சு.

கடைசியில 18650-க்கு வந்தோம். லேப்டாப் பேட்டரிக்குள்ள குண்டு குண்டா இருக்குமே அதான். ஒரு லித்தியம் செல்லு 3.7, ரெண்டு வரிசையில 7.4, புல் சார்ஜ்ல 8.4, எட்டுக்கு முன்னயும் பின்னயும் அழகா உக்காருது. இதையே மொதல்ல பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க. மச்சான் லாஞ்சுக்காரன், அவனுக்கு பேட்டரின்னா தண்ணி ஊத்தணும். பழைய செல்லு வேணாம்னு புதுசா நாலு வாங்குனோம், ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து அந்த ஜோடிய வரிசையில போட்டா 5 ஆம்பியர் ஹவர். இதுல நேரா ஈயம் வச்சுப் பத்தக்கூடாது, சூடு உள்ள எறங்கி செல்லு கெட்டுரும், நிக்கல் பட்டைய ஸ்பாட் வெல்டிங்தான் பண்ணணும், அதுக்கு மதுரைக்குப் போனேன். வெல்டிங் பண்ணுன தம்பி, "அண்ணே செல்லோட பிளஸ் தலையில ஒட்டுறதுக்கு பிஷ் பேப்பர் வாங்கிக்கங்க, இல்லாட்டி ஷார்ட் ஆயிரும்"னான். அப்பிடி ஒரு இன்சுலேசன் காயிதம், பேரே பிஷ் பேப்பருதான்.

அத ஆன்லைன்ல போட்டேன். பார்சல் வந்த அன்னைக்கு நான் வீட்ல இல்ல. கொண்டு வந்த பையன் அம்மாகிட்ட, "பிஷ் பேப்பருன்னு போட்டுருக்கு, கையெழுத்து போடுங்க"ன்னுருக்கான். மண்டபத்துல ஒருத்தன் காசு குடுத்து மீனு மடிக்கிற பேப்பரு கூரியர்ல வாங்குறான்னா அத பெத்தவ மனசு எப்பிடி இருக்கும். நான் வீட்டுக்குள்ள நொழையுறப்ப சின்னம்மா, எதுத்த வீட்டு அக்கா, எல்லாம் திண்ணையில உக்காந்துருக்காங்க. "ஏம்ப்பு, பழைய பேப்பரு எங்க வீட்ல அம்புட்டு கெடக்கே, கேட்டா தரமாட்டமா?" இன்னிக்கு வரைக்கும் மீனு வாங்கப் போனா என்னய பேப்பருன்னுதான் கூப்பிடுறாங்க.

பேட்டரிய வைக்க ஒரு டப்பா வேணுமே. நான் ஒரு அறிவாளி, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல வச்சேன். மூடிய அமுக்குனப்ப நிக்கல் பட்ட ஓரத்துல ஒரசி டப்புன்னு ஒரு பொறி, மச்சான் திண்ணையில இருந்து தெருவுக்குத் தாவிட்டான், நல்ல வேள ஒரே தொடுதான். அப்பறம் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாத்தி, காருல போடுற 5 ஆம்பியர் பியூஸ் ஒண்ணு பிளஸ் ஒயர்ல போட்டோம். அதுக்கப்பறமும் சுவிட்ச தட்டுனா கேமரா ஒரு துடி துடிச்சுட்டு நின்னுரும். பியூஸ் போகல, பேட்டரி புல்லு, என்னடான்னு ரெண்டு நாளு மண்ட காஞ்சுச்சு. பேட்டரிக்குக் காவலா போட்ட பிஎம்எஸ் போர்டு 3 ஆம்பியர், மோட்டரு நின்ன நெலையில இருந்து கெளம்புற அந்த ஒரு நொடி அதுக்கு மேல இழுக்குது, போர்டு ஷார்ட்டுன்னு பயந்து கதவ சாத்திருது. 10 ஆம்பியர் போர்டு போட்டதும் சரியாச்சு. 24-ல முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. கணக்குப் போட்டுப் பாத்தேன், பேட்டரி ரெண்டர மணி நேரம் ஓடும். 100 அடி ரோலு 24 பிரேம்ல ரெண்டே முக்கா நிமிசம் ஓடும்.

ரோலு வெலைய இங்க எழுதல, அம்மா போன்ல படிக்கும்.

காலையில பாம்பன் ரோட்டுப் பாலத்துக்குப் போனோம். கச்சான் காத்து ஆள தள்ளுது, மச்சான் ஸ்டாண்டு கால கட்டிப்புடிச்சு உக்காந்துட்டான், நான் தோள்ல ஒயர் தொங்குற ஐஸ்கிரீம் டப்பாவோட நிக்கிறேன். இப்ப எழுதுறப்ப தெரியுது அது பாக்க எப்பிடி இருந்துருக்கும்னு. ஒரு போலீஸ்காரரு வண்டிய நிறுத்திட்டு மெதுவா, ரொம்ப மெதுவா வந்தாரு.

"டப்பாவுல என்னப்பா?"

"பேட்டரி சார். கேமராவுக்கு."

"எடுத்தத காமி."

"தெரியாது சார், ரோலு. கழுவுனாதான் தெரியும்."

"தொறந்து காமி."

"தொறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிரும் சார்."

நானே போலீஸா இருந்தாலும் இந்தப் பதில நம்பியிருக்க மாட்டேன். அவரு என்னய பாக்குறாரு, டப்பாவ பாக்குறாரு, டப்பாவுல வெண்ணிலான்னு எழுதியிருக்கு. கடைசியில மச்சான்தான் அவர வியூபைண்டர்ல கண்ண வைக்கச் சொல்லி சுவிட்ச தட்டுனான். பாலத்தப் பாத்துட்டாரு, "நல்லாத்தாம்ப்பா தெரியுது"ன்னாரு, கண்ண எடுக்க மனசில்லாம பாத்துக்கிட்டே இருந்தாரு. ரெண்டே முக்கா நிமிசத்துல அர நிமிசம் அங்கயே போச்சு.

அன்னைக்கு ராத்திரி கரண்டு போச்சு. ரோலு பிரிட்ஜ்ல மீனுக்குப் பக்கத்துல, நாங்க எல்லாம் திண்ணையில. இருட்டுல பெரியப்பாகிட்ட மூணு வார கதையையும் சொன்னேன், ஆறு, பன்னெண்டு, டயோடு, டவர் செல்லு, எல்லாம். பொறுமையா கேட்டுட்டு சொன்னாரு, "நாங்க லாரி பேட்டரியிலதான்ப்பு ஓட்டுவோம். அப்பல்லாம் பேட்டரி மேல ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவுல ஈயத்துல பாலம் பாலமா வெளிய தெரியும். ஒரு செல்லு ரெண்டு வோல்ட்டு. நாலு செல்லு தள்ளி கிளிப்ப மாட்டுனா எட்டு. இப்பத்தான் எல்லாத்தையும் மூடி வச்சுட்டானுக."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல பெரியப்பா?"

"நீ எங்கிட்ட லென்ஸப் பத்தித்தான கேட்ட. பேட்டரியப் பத்தி ஊரெல்லாம் கேட்ட."

உள்ள இருந்து அம்மா எதுலயோ முட்டிக்கிட்ட சத்தம். அப்பறம் குரல் வந்துச்சு, "ஒன் எட்டும் வேணாம், அவரு பன்னெண்டும் வேணாம், மொதல்ல என் ஆற கொண்டாந்து அந்த லைட்டுல வையி".