ஹ்யூகோ பரிந்துரைப் படிவம்: நிரப்பிப் பார்த்ததில் தெரிந்தவை

அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் ஆண்டுதோறும் தரப்படும் ஹ்யூகோ விருது என்றதும் பேச்செல்லாம் இறுதி வாக்கெடுப்பைப் பற்றித்தான். அந்தக் கட்டத்தில் பிரிவுக்கு ஆறு படைப்புகள் ஏற்கெனவே தேர்வாகி வந்திருக்கும், வரிசைப்படுத்தினால் போதும். அந்த ஆறும் எங்கிருந்து வருகின்றன என்பது பரிந்துரைச் சுற்றில் முடிவாகிறது. அங்கே கையில் கிடைப்பது வெற்றுக் கட்டங்கள் மட்டுமே, பிரிவுக்கு ஐந்து. பிடித்த கதையை எழுதிவிட்டு வர எவ்வளவு நேரமாகும் என்று உட்கார்ந்தால், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி வேலை போய்விடும்.

யார், எந்த ஆண்டு

2026 விருதை எடுத்துக்கொள்வோம். 2025இல் முதன்முதலாக வெளிவந்தவை தகுதி பெறும். விருதை வழங்கும் உலக அறிவியல் புனைவு மாநாடான வேர்ல்ட்கானில், 2025 சியாட்டிலிலோ 2026 அனஹைமிலோ உறுப்பினராக இருப்பவர்கள் பரிந்துரைக்கலாம். இறுதி வாக்கு அனஹைம் உறுப்பினர்களுக்கு மட்டும். மாநாட்டுக்கு நேரில் போக வேண்டியதில்லை, உலக அறிவியல் புனைவுச் சங்க உறுப்பினர் கட்டணம் கட்டினால் போதும். உறுப்பினராகச் சேர ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டிச் சேர்ந்தால் வாக்கு கிடைக்கும், பரிந்துரை கிடைக்காது. சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் பலர் தங்களுக்கு இந்த ஆண்டும் பரிந்துரை உரிமை இருப்பதை மறந்தே போகிறார்கள்.

ஸ்ப்ரெட்ஷீட்

படித்தவற்றைக் குறித்து வைக்க ஒரு ஷீட் வேண்டும். தலைப்பு, எழுத்தாளர், வெளியிட்ட இதழ் அல்லது பதிப்பகம், முதல் வெளியீட்டுத் தேதி, சொல் எண்ணிக்கை, பிரிவு, மறுவாசிப்புக் குறிப்பு என்று ஏழு பத்திகள் போதும். நட்சத்திர மதிப்பெண்ணுக்குத் தனிப் பத்தி வைத்தால் எல்லாம் நாலு நட்சத்திரத்தில் வந்து நிற்கும், ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதில் 'எது நினைவில் நின்றது' என்று ஒரே வரி எழுதி வைப்பது மேல்.

ஷீட்டை ஆண்டின் தொடக்கத்திலேயே திறந்துவிட வேண்டும். பரிந்துரைக்கும் நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் நவம்பர், டிசம்பரில் படித்தவைதான் நினைவுக்கு வரும். முந்தைய பிப்ரவரியில் வந்த அருமையான சிறுகதை ஓசையில்லாமல் விடுபட்டுப் போகும். விட்டதைப் பிடிக்க, பிப்ரவரியில் லோகஸ் இதழ் வெளியிடும் பரிந்துரை வாசிப்புப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அது நினைவூட்டலுக்கு மட்டும்தான். அதைப் பார்த்தே படிவத்தை நிரப்புவதென்றால் நம் பரிந்துரைக்கு வேலையே இல்லை.

சொல் எண்ணிக்கை

7,500 சொல்லுக்குக் கீழே இருந்தால் சிறுகதை. 7,500 முதல் 17,500க்குள் நெடுங்கதை. 17,500 முதல் 40,000க்குள் குறுநாவல். 40,000 தொட்டால் நாவல். அட்டையில் பதிப்பகம் என்ன போட்டிருக்கிறது என்பது கணக்கில் வராது. 'நாவல்' என்று விற்கப்படும் 38,000 சொல் புத்தகம் இங்கே குறுநாவல்தான்.

கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்ற இணைய இதழ்கள் சொல் எண்ணிக்கையைத் தாங்களே கொடுத்துவிடுகின்றன. கொடுக்காத இடத்தில் கதையை வெட்டி ஒட்டி எண்ணும்போது கீழே உள்ள ஆசிரியர் குறிப்பையும் வாசகர் கருத்துகளையும் நீக்கிவிட வேண்டும். 7,400 சொல் கதை அவற்றோடு சேர்ந்து நெடுங்கதையாகத் தெரிவது சர்வசாதாரணம்.

அச்சுப் புத்தகத்தில் மதிப்பீடுதான் வழி. நிறைந்த பக்கம் மூன்றை எண்ணிச் சராசரி எடுத்துப் பக்கங்களால் பெருக்க வேண்டும். சராசரி 280, பக்கம் 150 என்றால் 42,000 வரும், நாவல் என்று தோன்றும். ஆனால் 20 அத்தியாயம், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அரைப் பக்கம் வெற்றிடம் என்றால் பத்துப் பக்கம் கழியும். 2,800 குறைந்து 39,200 ஆகிவிடும், அதாவது குறுநாவல். இப்படி விளிம்பில் நிற்பவற்றுக்கு மின்னூலை கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் ஏற்றி, 'கவுண்ட் பேஜஸ்' என்ற பிளகினால் சொற்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. அங்கும் ஒரு வில்லங்கம் உண்டு. மின்னூலின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'அடுத்த நூலிலிருந்து ஒரு பகுதி' எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

கொஞ்சம் தவறினாலும் எல்லாம் பாழ் இல்லை. புதிய பிரிவின் எல்லையிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருந்தால் நிர்வாகக் குழு படைப்பை இடம் மாற்றலாம். பிரிவு மாறி எழுதப்பட்ட பரிந்துரையையும் சரியான பிரிவுக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் அந்தப் பிரிவில் நம் ஐந்து கட்டமும் நிரம்பியிருந்தால் நகர்த்த முடியாது, அந்தப் பரிந்துரை வீண். ஆகவே விளிம்பில் இருக்கும் குறுநாவலை நாவல் பிரிவில் எழுதுவதாக இருந்தால் குறுநாவல் பிரிவில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது புத்திசாலித்தனம்.

தேதியில் சறுக்கும் இடங்கள்

தேதியிட்ட இதழ்களுக்கு அட்டைத் தேதிதான் கணக்கு. ஜனவரி-பிப்ரவரி இதழ் டிசம்பரிலேயே கைக்கு வந்துவிடும். அதில் படித்த கதை அடுத்த ஆண்டுப் பட்டியலைச் சேர்ந்தது. தொடராக வந்தவற்றுக்குக் கடைசிப் பகுதி வெளியான ஆண்டைக் கொள்ள வேண்டும். 'ஆண்டின் சிறந்த கதைகள்' வகைத் தொகுப்பில் இருப்பவை எல்லாம் மறுபதிப்பு. உரிமைப் பக்கத்தில் முதலில் எங்கே, எப்போது வந்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதிலும் தெளிவில்லை என்றால் இணையத்தில் உள்ள ஊகப் புனைவுத் தரவுத்தளத்தில் படைப்பின் பதிப்பு வரலாற்றைப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்புக்குத் தனிச் சலுகை உண்டு. எந்த மொழியில் வந்தாலும் முதல் வெளியீட்டு ஆண்டில் தகுதி உண்டு. ஆங்கிலத்தில் முதன்முறை வரும் ஆண்டில் மறுபடியும் தகுதி கிடைக்கும். லியு சிஷினின் 'த்ரீ-பாடி பிராப்ளம்' சீனத்தில் 2006இல் தொடராகவும் 2008இல் நூலாகவும் வந்தது. கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வெளியாகி, 2015இல் சிறந்த நாவல் விருதை வாங்கியது. தமிழில் வரும் அறிபுனைக்கும் இதே விதிதான். தமிழில் பழைய கதை என்பதற்காகப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பை ஒதுக்கிவிடக் கூடாது.

தொடர்நூல் பிரிவுக்குக் குறைந்தது மூன்று பாகம், மொத்தம் 2,40,000 சொல் வேண்டும். அந்த ஆண்டில் ஒரு பாகமாவது வந்திருக்க வேண்டும். முன்பே இறுதிப் பட்டியலுக்கு வந்து தோற்ற தொடர் என்றால், அதன் பிறகு இன்னும் இரண்டு பாகமும் 2,40,000 சொல்லும் சேர்ந்தால்தான் மறுபடி தகுதி. வென்ற தொடருக்கு மறுவாய்ப்பே கிடையாது.

ஐந்துக்கு மேல் இருந்தால்

நாவல் பிரிவில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. ஓர் ஆண்டில் வந்த நாவல்களில் ஒருவர் படித்து முடிப்பது கொஞ்சம்தான், அதில் ஐந்து தேறுவதே கடினம். சிறுகதையில்தான் திணறல். முதல் வாசிப்பில் திருப்பத்தால் அசத்தும் கதைகள் முன்னே நிற்கும். சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி படித்தால் அவற்றில் பாதி சரிந்துவிடும், திருப்பம் தெரிந்தபின் படிக்க அங்கே வேறு எதுவும் இருக்காது. ஊகிக்கப்பட்ட உலகம் பாத்திரங்களின் முடிவுகளை உண்மையிலேயே மாற்றுகிறதா என்று பார்ப்பது நல்ல சல்லடை. அந்த அறிவியல் கற்பனையை உருவிவிட்டாலும் கதை அப்படியே நிற்கிறதென்றால் அது வேறு நல்ல கதையாக இருக்கலாம், இந்தப் படிவத்தில் அதற்கு இடம் கொடுக்க யோசிக்க வேண்டும்.

சிறுகதைப் பிரிவில் வாக்குகள் சிதறுவது புதிதல்ல. முன்பு ஐந்து சதவீத ஆதரவு இல்லாத படைப்பு இறுதிப் பட்டியலுக்கு வர முடியாது என்றொரு விதி இருந்தது. அதனால் 2013இல் சிறுகதைப் பிரிவில் மூன்றே கதைகள்தான் தேறின. பின்னர் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் சிதறல் அப்படியே இருக்கிறது, இந்தப் பிரிவில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எடை அதிகம்.

ஐந்தா, ஒன்றா

மிகப் பிடித்த ஒன்றை மட்டும் எழுதினால் அதற்கு முழு பலமும் போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்த்தால் அது பலிக்காது என்று தெரியும்.

2017 முதல் நடைமுறையில் உள்ள எண்ணும் முறையில், ஒவ்வொரு சீட்டுக்கும், அதாவது ஒருவர் நிரப்பிய படிவத்துக்கு, பிரிவுக்கு ஒரு புள்ளி. ஐந்து படைப்பு எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 0.2. சுற்றுச்சுற்றாகப் படைப்புகள் நீக்கப்படும். நம் ஐந்தில் இரண்டு விழுந்தால் மீதி மூன்றுக்கும் தலா 0.33. ஒன்றே மிஞ்சினால் அதற்கு முழுப் புள்ளி. அடுத்ததுதான் முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் புள்ளியில் கடைசியாக உள்ள இரண்டை எதிரெதிரே நிறுத்துவார்கள். அந்த இரண்டில் எதை நீக்குவது என்பதைப் புள்ளி தீர்மானிக்காது. எத்தனை சீட்டில் பெயர் இருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கும். ஒரு கதை 12 சீட்டில் தனியாக இருந்து 12 புள்ளி பெறுகிறது, இன்னொன்று 40 சீட்டில் மற்றவற்றோடு சேர்ந்து 10 புள்ளிதான் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை இரண்டும் அடிமட்டத்தில் மோதினால் வெளியேறுவது 12 சீட்டுக் கதை. நாம் எழுதாமல் விட்ட நாலு கதைகளும் அப்படியொரு மோதலில் ஒரு சீட்டுக் குறைவால் தோற்கக்கூடும்.

ஒரே பட்டியலைக் கும்பலாக நகலெடுத்து நிரப்புவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 2015இல் அப்படி நடந்து, வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் 'விருது யாருக்கும் இல்லை' என்று தீர்த்தார்கள். படிவத்தில் ஐந்துக்கும் ஒரே எடைதான், முதல் கட்டம் கடைசிக் கட்டம் என்று வித்தியாசம் இல்லை. ஆனால் பிடிக்காததைப் போட்டு ஐந்தை நிரப்பவும் தேவையில்லை. அது நம் உண்மையான தேர்வுகளை எதிர்த்தே நிற்கும்.

ஒரே எழுத்தாளரின் படைப்புகள் ஒரு பிரிவில் இரண்டுக்கு மேல் இறுதிப் பட்டியலில் வராது. பிடித்த எழுத்தாளரின் மூன்று கதைகளை எழுதத் தடை இல்லை, ஆனால் மூன்றும் தேற வாய்ப்பில்லை.

திரை, மற்றவை

திரைப்படம், தொலைக்காட்சி போன்றவை வரும் நாடக வடிவப் பிரிவுகளுக்கு 90 நிமிடம்தான் எல்லை. அதைத் தாண்டினால் நீள் வடிவம், இல்லையென்றால் குறு வடிவம். இங்கே கெடுவது தொலைக்காட்சித் தொடர்கள். பாதிப் பேர் முழுப் பருவத்தை நீள் வடிவத்திலும், மீதிப் பேர் ஆளுக்கொரு எபிசோடைக் குறு வடிவத்திலும் எழுதி ஆதரவைப் பிரித்துவிடுகிறார்கள். எபிசோடாக எழுதினால் தொடரின் பெயரோடு எபிசோடின் தலைப்பும் கட்டாயம். அஸ்டவுண்டிங் புதிய எழுத்தாளர் விருதும் லோட்ஸ்டார் இளையோர் விருதும் அதே படிவத்தில் இருந்தாலும் ஹ்யூகோ கணக்கில் சேராதவை.

படிவத்தில் ஏற்றுதல்

ஒரே தலைப்பில் பல கதைகள் வருவதுண்டு. எழுத்தாளர், இதழ் இரண்டையும் தவறாமல் நிரப்ப வேண்டும். பெயரை ஷீட்டிலிருந்து வெட்டி ஒட்டினால் எழுத்துப்பிழை வராது. கெடு முடியும்வரை திருத்தலாம் என்பதால், தெரிந்ததை முதல் வாரமே ஏற்றிச் சேமித்துவிட்டு, மறுவாசிப்பு நடக்க நடக்க மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. கடைசி இரவுக்கு ஒத்திப்போட்டால் தளம் நெரிசலில் திணறும். கெடு எந்த நேர மண்டலத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் முன்பே பார்த்து, நம் நேரத்துக்கு மாற்றி எழுதி வைக்க வேண்டும். சேமித்தபின் வரும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் கட்டங்களைச் சரிபார்ப்பது அவசியம். வரி மாறி ஒட்டியது அங்கேதான் கண்ணில் படும்.

விருது விழா முடிந்ததும் பரிந்துரைக் கணக்குகள் வெளியாகும். முன்னணியில் வந்த கதைகளில் எது எத்தனை சீட்டில் இருந்தது, எந்தச் சுற்றில் நீங்கியது என்று அதில் தெரியும். ஷீட்டில் எட்டாவதாக ஒரு பத்தி சேர்த்து, நாம் எழுதிய கதைகள் அதில் இருந்தால் அவற்றுக்கு எதிரே அந்த எண்களைப் போட்டு வைக்கலாம்.