அந்த முதல் அரை மணி நேரம்

நான் வேலை பாக்குறது தெற்கு கலிபோர்னியாவுல, ஒரு சின்ன சிட்டிக்கே சொந்தமான பீக்கர் பிளாண்ட், அதாவது கரண்ட் தேவை எகிறுற நேரத்துக்கு மட்டும் ஓட்டுற மின் நிலையம். ஊருக்கு வந்தப்ப அம்மா, "வருஷத்துல பாதி நாள் ஓடாத மெஷினுக்கு எதுக்குடா சம்பளம்?"னாங்க. நியாயமான கேள்வி தான்.

மெஷின் எல்எம்6000ங்கிற கேஸ் டர்பைன். ஜம்போ ஜெட்ல இருக்குற சிஎஃப்6 இஞ்சினோட வாரிசு, அதான் பட்டனத் தட்டுன பத்து நிமிஷத்துல 50 மெகாவாட் கிட்ட வந்து நிக்கும். புகையே கண்ணுக்குத் தெரியாது, ஸ்டாக்குக்கு, அதான் புகைபோக்கிக்கு, மேல காத்து லேசா நெளியும், அவ்ளோதான். எரிபொருள் எரியுற கம்பஸ்டர்ல தண்ணி அடிச்சு நாக்ஸை (காத்தைக் கெடுக்குற நைட்ரஜன் ஆக்சைடுகள்) 25 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 25 பங்குக்கு, இறக்கி, அப்புறம் அமோனியா தெளிச்சு கேட்டலிஸ்ட்ங்கிற வினையூக்கி வழியா விட்டு 2.5க்கு கொண்டு வர்றோம். கார்பன் டை ஆக்சைடு ஒரு யூனிட்டுக்கு அரை கிலோ சுமாருக்கு போயிட்டே தான் இருக்கும், அதுக்கு எந்த கேட்டலிஸ்ட்டும் கிடையாது.

ஆனா கேட்டலிஸ்ட் 300 டிகிரி கிட்ட சூடாகணுமே. அதுக்கு முன்னாடி அமோனியா விட்டா காயாத கல்லுல தோசை ஊத்துன கதை தான், அப்படியே ஸ்டாக் வழியா வெளிய போயிடும். அதனால கல்லு காயுற அந்த முதல் அரை மணி நேரம் ஸ்க்ரீன்ல நாக்ஸ் கோடு மேல தான் நிக்கும், பர்மிட்லயே ஸ்டார்ட்டுக்கு தனி கணக்கு வச்சிருக்காங்க. நாலு மணி நேரம் ஓட்டுனா அந்த அழுக்கு நிறைய யூனிட்டுக்குப் பங்காகி கரைஞ்சு போயிடும், நாப்பது நிமிஷம் ஓட்டி நிறுத்துனா போட்ட யூனிட்டுக்கு மேல அழுக்கு தான் மிஞ்சும். ஒரு நாள், எப்ப ஓட்டணும் எப்ப நிறுத்தணும்னு சொல்ற டிஸ்பாட்ச்ல சாயங்காலத்துக்குள்ள மூணு தடவ ஸ்டார்ட், ஸ்டாப்னு ஆட்டி வச்சாங்க, எனக்கு வந்த கடுப்பு இருக்கே! சதர்ன் கலிபோர்னியா எடிசன்ங்கிற மின்சார கம்பெனி 2017லயே இதே மாதிரி மெஷின் பக்கத்துல 10 மெகாவாட் பேட்டரி வச்சாங்க, எரிபொருளே எரிக்காம, கூப்பிட்டா உடனே கரண்ட் கொடுக்க ரிசர்வ்ல நிக்கலாம். எங்களுக்கு அந்த யோகம் இன்னும் வரல.

2022 செப்டம்பர் 6, மாநில கிரிட்ல கரண்ட் தேவை 52,061 மெகாவாட் தொட்ட நாள். அன்னைக்கு பாத்து காலைல, புகைய அளக்குற எமிஷன் அனலைசர் சரியா காட்டுதான்னு பாக்குற கேலிபரேஷன் ஃபெயில். பாத்தா ஸ்டாக்ல இருந்து அனலைசருக்கு புகை வர்ற சாம்பிள் லைன் குழாயோட ஹீட்டர் போயிருக்கு, குழாய்க்குள்ள ஈரம் சேர்ந்து ரீடிங் தப்பா காட்டுது. ஸ்டாக் பிளாட்ஃபார்ம்ல கைப்பிடிய தொட முடியாத வெயில்ல ஹீட்டர மாத்தி, கேலிபரேஷன் கேஸ் விட்டு ரீடிங் சரியான்னு பாத்து, மூணு மணிக்கு ஸ்டார்ட் கொடுத்தோம். ஆறு மணி ஆகுறதுக்குள்ள கரண்ட மிச்சம் பண்ணுங்கன்னு எல்லார் ஃபோனும் ஒரே நேரத்துல அலறிச்சு, நிறுத்தும்போது ராத்திரி ஒன்பது தாண்டிடுச்சு. அன்னைக்கு லாக்ல ஸ்டார்ட் எண்ணிக்கை: ஒண்ணே ஒண்ணு.