காலை பதினோரு மணி வரை எழாத கைகள்

2022 மார்கழியில் ஒரு விடிகாலை கோலம் போடக் குனிந்தவள், நிமிர முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முந்தைய வாரமே கழுத்து இறுகியிருந்தது. தலையணை சரியில்லை என்று நினைத்து அதை மாற்றியிருந்தேன். பொங்கலுக்குள் இரண்டு தோள்களும் இரண்டு பக்க இடுப்பும் தொடைகளும் மரக்கட்டையாகிவிட்டன. அப்போது எனக்கு வயது 63. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. வீடு மதுரை திருநகரில்.

இரவில் புரண்டு படுக்க முடியாது. காலையில் எழ வேண்டுமானால் கட்டிலின் ஓரத்துக்கு மெல்ல நகர்ந்து, சன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து எழ வேண்டும். தலைவார எடுத்த சீப்பு காதுக்கு மேல் போகாது. மருமகள்தான் பின்னிவிட்டாள். “அத்தை, கொஞ்சம் குனியுங்கள்” என்பாள், கழுத்து குனியாது. பெரியார் நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் முதல் படிக்குக் கால் எழவில்லை. யாராவது கைகொடுத்து ஏற்றிவிட்டாலும், மேலே இருக்கும் கம்பியைப் பிடிக்கக் கை வராது.

ஆனால் பதினோரு மணிக்கு மேல் உடம்பு தானாக இளகிவிடும். மாலையில் ஏறக்குறைய பழைய ஆள் ஆகிவிடுவேன். மூன்று மாதம் வீணானது இதனால்தான். கிளினிக்குக்குப் போவது மாலை ஏழு மணிக்கு. நான் நன்றாக நடந்து உள்ளே போவேன். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், கழுத்தெலும்பு தேய்மானம் என்றார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு, வலியே இல்லாவிட்டாலும், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கழுத்துப் பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வலி குறையவில்லை, வயிறுதான் புண்ணானது. “வயதானால் இப்படித்தான் அம்மா” என்ற பேச்சு வலியைவிட அதிகம் வாட்டியது.

வீட்டு வைத்தியமும் விடவில்லை. நொச்சி இலை ஒத்தடமும் வெந்நீர்க் குளியலும் அரை மணி நேரம் சுகம் தந்தன. முடக்கத்தான் தோசை வாரம் மூன்று நாள் சாப்பிட்டேன்; காலை இறுக்கம் அப்படியேதான் இருந்தது.

வழி காட்டியது என் கணவர். “உன் வலிக்கு ஒரு நேரம் இருக்கிறது, அதை எழுதி வை” என்றார். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒரு தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது: “5.40 விழிப்பு. 7.15 எழுந்தேன். 9.50 கை காது வரை. 11.05 தலை வாரினேன்.” பத்தொன்பது தாள்கள் சேர்ந்ததும், மூட்டுவாதச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் காலை ஒன்பது மணிக்கே நேரம் வாங்கிக்கொண்டு போனோம். அவர் என்னைத் தொட்டுப் பார்க்கும் முன் தாள்கள் அத்தனையையும் படித்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி உண்டா? மெல்லும்போது தாடை வலிக்கிறதா? பார்வை மங்குகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றேன்.

ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரண்டு அளவுகள்: இ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி. 42. இரண்டுமே மிக அதிகம். முடக்குவாதத்துக்கான சோதனையில் ஒன்றும் இல்லை. தைராய்டும் தசை நொதியும் சரியாக இருந்தன. நோயின் பெயர் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்றார். ஐம்பது வயதுக்கு மேல்தான் வரும், பெண்களுக்கு அதிகம். வலி தசையில் தெரிந்தாலும் தசை கெடுவதில்லை. தோள், இடுப்பு மூட்டுகளின் உட்சவ்விலும் சுற்றியுள்ள நீர்ப்பைகளிலும் ஏற்படும் அழற்சிதான் காரணம் என்று படம் வரைந்து காட்டினார்.

பிரெட்னிசோலோன் 15 மில்லிகிராம், காலை உணவுக்குப் பின். ஸ்டீராய்டு என்றதும் பயந்தேன். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சன்னல் கம்பியைத் தொடாமல் எழுந்து, சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சினேன். சத்தம் கேட்டு வந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் வைகைக் கரையில் நின்றேன். செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாய்கட்டி, மேலே சூடம் ஏற்றித் தலைக்கு மேல் உயர்த்தினேன். கை நடுங்கியது. ஆனால் அது வலியால் அல்ல.

மாத்திரைக்கும் ஒரு விலை இருக்கிறது. முகம் உப்பியது. சாப்பிட்ட பின் சர்க்கரை 210 வரை ஏறியது. அரிசியைக் குறைத்து, மாலையில் நடந்து அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தேன். எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டியும். கண் அழுத்தமும் புரையும் வரலாம் என்பதால் அரவிந்த் கண் மருத்துவமனையில் சோதித்துக்கொண்டேன். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது டாக்டர் வெங்கடசாமியை நினைத்துக்கொண்டேன். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடித்துப் பழகி, கண் அறுவை செய்தவர். 1976இல் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர். அவருடைய நோய் வேறு, என்னுடையது வேறு. இருந்தாலும், மடக்க வராத விரல்களோடு அவர் எத்தனை காலைகளைக் கடந்திருப்பார் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

நான் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். மருந்து படிப்படியாக 7.5 மில்லிகிராமுக்கு இறங்கியிருந்த நேரம். ஒரு கல்யாண வீட்டில், “ஸ்டீராய்டு எலும்பைத் தின்றுவிடும், விட்டுவிடு” என்று உறவினர் ஒருவர் சொன்னார். நானே 5 ஆக்கினேன். அடுத்த வாரம் 2.5. ஒன்பதாம் நாள் மறுபடியும் சன்னல் கம்பி. மருத்துவர் திட்டவில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். மீண்டும் 7.5இலிருந்து தொடங்கி, முன்னைவிட மெல்ல இறங்கினோம். மொத்தம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

அவருடைய அந்த மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி இப்போதும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த நோய் உள்ள சிலருக்குத் தலை ரத்தக் குழாய்களிலும் அழற்சி வரும்; பார்வையே போய்விடக்கூடும். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் கழுத்துப் பட்டையோடு வந்தார். “காலையில் எத்தனை மணிக்குத் தலை வாருகிறாய்?” என்று கேட்டேன். “பத்து மணிக்கு மேல்தான் முடிகிறது அக்கா” என்றார். நாட்காட்டித் தாள்களைக் காட்டி, அவரையும் எழுதச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பினேன். அவருக்கு இ.எஸ்.ஆர். சரியாகவே இருந்தது, தைராய்டில்தான் குறை. அதற்கு மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது.